கலை வளாகத்தில் முதன்முறை தங்கப் போகிறீர்களா? ஸ்டூடியோக்களுக்கும் பொது இடங்களுக்கும் ஒரு வழிகாட்டி

கலைஞர்கள் சில வாரம் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சியில் இடம் கிடைத்துவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. போய் இறங்கியதும் ஸ்டூடியோ கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் ஒன்றரை நாள் வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கே போகட்டும். உங்கள் அறை எங்கும் ஓடிவிடாது. ஆனால் சூளை என்றைக்கு எரியும், அச்சு இயந்திரம் எப்போது காலியாக இருக்கும், மரப்பட்டறையை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதெல்லாம் உங்கள் வசதிக்கு வளைந்து கொடுக்காது. மண் காயும் நேரம், சாயம் உலரும் நேரம், இயந்திரத்துக்குக் காத்திருக்கும் வரிசை: இவைதான் அங்கே உண்மையான கால அட்டவணை. அதை முதலிலேயே தெரிந்துகொண்டால், கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்பே கேட்டு வைக்க வேண்டியவை

தேர்வானதாகக் கடிதம் வந்த பிறகு, நன்றி சொல்லும் பதிலிலேயே சில கேள்விகளையும் சேர்த்துவிடலாம். ஸ்டூடியோவின் நீள அகலம் என்ன, கதவின் அகலம் என்ன (பெரிய கேன்வாஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்), ஜன்னல் எந்தத் திசை, உள்ளே தண்ணீர்க் குழாய் உண்டா, சுவரில் ஆணி அடிக்கலாமா, இரவில் வேலை செய்யலாமா, எந்தப் பொருளையெல்லாம் கொண்டுவரக் கூடாது.

ஜன்னல் திசையை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே உள்ள ஊர்களில் வடக்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் பெரும்பாலும் விழாது. நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் இருக்கும். தென்கோளத்தில் அதே வேலையைத் தெற்கு ஜன்னல் செய்யும். ஓவியருக்கு இது பெரிய விஷயம். எழுதுகிறவருக்கு மேசை ஆடாமல் இருந்தால் போதும்.

பொது ஸ்டூடியோவில் எந்த இயந்திரம் இருக்கிறது என்பதைவிட, அதை இயக்கப் பழக்கிவிடும் பொறுப்பாளர் எந்தெந்த நாட்களில் இருப்பார் என்று கேளுங்கள். அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்றால், பழக்க வகுப்பு முடியாமல் நீங்கள் எதையும் தொட முடியாது. ஒரு வாரம் அப்படியே போய்விடும்.

முதல் நடை

வளாகத்துக்கு ஒரு முதுகெலும்பு இருக்கும். எல்லோரும் தினமும் நடக்கிற ஒரு பாதை, அல்லது ஒரு முற்றம். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டீர் ஐல் தீவில் இருக்கும் ஹேஸ்டாக் கைவினைப் பள்ளியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எட்வர்ட் லாரபி பார்ன்ஸ் வடிவமைத்து 1961-இல் திறக்கப்பட்ட வளாகம் அது. சரிவின் நடுவே ஒரு நீண்ட மரப்படி கடலை நோக்கி இறங்குகிறது. ஸ்டூடியோக்களும் தங்கும் அறைகளும் அதிலிருந்து இரு பக்கமும் மரத்தளங்களாகக் கிளை பிரிகின்றன. எங்கே போவதானாலும் அந்தப் படியில் ஏறியோ இறங்கியோதான் ஆக வேண்டும், வழியில் நாலு பேரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எல்லா வளாகமும் இவ்வளவு தெளிவாக இருக்காது. பழைய பண்ணை வீடு, கைவிட்ட தொழிற்சாலை, ராணுவக் குடியிருப்பு என்று எதையாவது மாற்றிக் கட்டியிருப்பார்கள். அங்கே முதுகெலும்பை நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை நடங்கள். இரவு பதினொரு மணிக்கு ஸ்டூடியோவிலிருந்து அறைக்குத் திரும்பும்போது எந்த இடத்தில் விளக்கு இல்லை, எந்தப் படி உடைந்திருக்கிறது என்பது பகல் நடையில் தெரியாது. டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும்.

நடக்கும்போது பார்த்து வைக்க வேண்டியவை: தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, கண்ணைக் கழுவும் குழாய், மெயின் சுவிட்ச், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஒட்டியிருக்கும் இடம். தீயணைப்புக் கருவியின் மேல் எந்த வகைத் தீக்கு என்று எழுதியிருக்கும், அதையும் படியுங்கள். எண்ணெய்த் தீயிலோ மின்சாரத் தீயிலோ தண்ணீர்க் கருவியைப் பயன்படுத்தினால் நிலைமை மோசமாகும்.

அப்புறம் அறிவிப்புப் பலகை. கைப்பேசியில் எத்தனை குழு இருந்தாலும், உண்மையான தகவல் இன்னமும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. சூளை வரிசை, துணி துவைக்கும் முறை, யாரோ விட்டுப்போன மீதிச் சட்டங்கள், “பாதி உருளைத் தாள் வேண்டுமா?” என்று பேனாவால் எழுதிய சீட்டு. முந்தைய தொகுதியினர் ஒட்டிய சீட்டுகளையும் படியுங்கள். “வலது பக்க அடுப்பு சூடு அதிகம்” போன்ற சங்கதியை எந்தக் கையேட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஸ்டூடியோவுக்குள்

சாமான்களைப் பிரிப்பதற்கு முன்னால் காலியான அறையை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டை, தரையில் இருக்கும் கறை, எல்லாம் படத்தில் இருக்கட்டும். கிளம்பும்போது பேச்சு வந்தால் உதவும். அடுத்ததாக, எத்தனை பிளக் இருக்கிறது, எல்லாம் ஒரே லைனில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹீட்டரையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் பக்கத்து ஸ்டூடியோவுக்கும் சேர்த்துக் கரண்ட் போகிற இடங்கள் உண்டு. வீடியோ எடிட் செய்பவர் பக்கத்து அறையில் இருந்தால் அன்றோடு நட்பு முடிந்தது.

எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஸ்டூடியோவில் மூடி போட்ட, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஓர் உலோகத் தொட்டி இருக்கும். காலால் மிதித்தால் மூடி திறக்கும், காலை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளுக்கானது அது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். துணி விரிந்து கிடந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கிப் பந்தாக மூலையில் எறிந்தால் உள்ளேயே சேர்ந்து சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். மரக் கட்டடங்கள் நிறைந்த வளாகத்தில் இந்த ஒரு விதியை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது. தூரிகை கழுவிய டர்பன்டைனைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஜாடியில் வைத்து மண்டி இறங்கியதும் மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். மண்டியை எங்கே சேர்ப்பது என்று பொறுப்பாளரைக் கேளுங்கள்.

கடைசி வாரங்களில் எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாகப் பூசாதீர்கள். தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போல் இருக்கும், சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். தடித்த பூச்சு வாரக்கணக்கில், சில நிறங்கள் மாதக்கணக்கில் இழுக்கும்.

சூளை அறை: பின்னோக்கிக் கணக்குப் போடும் இடம்

நீங்கள் மண்ணைத் தொடாதவராக இருந்தாலும் ஒரு தடவை சூளை அறைக்குப் போங்கள். வளாகத்தின் நேரக்கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் வேறில்லை.

வாசலில் ஒரு பதிவுத்தாள் தொங்கும். எந்தத் தேதி, யாருடைய பண்டங்கள், முதல் சூடா (பச்சை மண்ணைச் சுடுவது) கிளேஸ் சூடா (கண்ணாடி போன்ற மேற்பூச்சைப் பூசித் திரும்பச் சுடுவது), எத்தனை டிகிரி. உள்ளே சூளைக் கதவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துளை; செருகியிருக்கும் அடைப்பை எடுத்தால் (கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் எடுக்காதீர்கள், அதுவும் பொறுப்பாளர் சொன்னால் மட்டும்) ஆரஞ்சு ஒளிக்குள் மூன்று சிறிய கூம்புகள் வரிசையாக நிற்பது தெரியும். கோன் என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூட்டு நிலையில் மெல்லத் தலை குனியும்படி செய்த மண் கலவை. முதலாவது படுத்திருக்கும், நடுவே உள்ளது நுனி தரையைத் தொடுகிற மாதிரி வளைந்திருக்கும், மூன்றாவது நிமிர்ந்து நிற்கும். சூளை சரியான சூட்டை எட்டிவிட்டது என்று அதற்குப் பொருள். சூட்டுமானி எண்ணைக் காட்டினாலும், பழகிய ஆட்கள் கோனைத்தான் நம்புவார்கள். பண்டம் உள்வாங்கிய வெப்பத்தை, சூடு ஏறிய வேகத்தையும் சேர்த்து, அதுதான் காட்டும்.

இப்போது கணக்கு. முதல் சூடு சுமார் 1000 டிகிரி செல்சியஸ். கிளேஸ் சூடு, அதிகச் சூட்டில் சுடும் கல்மண் வகைக்கு, ஏறத்தாழ 1220-இலிருந்து 1300 வரை. எரிப்பதும் ஆறுவதும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள். 573 டிகிரி அருகே மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறுவதால், அவசரமாக ஆற்றினால் பண்டம் விரிசல் விடும். நூறு டிகிரிக்குக் கீழே இறங்குகிற வரைக்கும் கதவில் கை வைக்கக் கூடாது. சூளைக்குள் போவதற்கு முன் பண்டம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் நீராவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் இன்னொருவருடைய வேலையையும் சேர்த்துக் கொண்டுபோகும். தடித்த பண்டம் காய ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

28-ஆம் நாள் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சூளை 25-இல் ஆறித் திறக்க வேண்டும். அப்படியானால் 23-இல் அடுக்க வேண்டும், 21, 22-இல் கிளேஸ் பூச வேண்டும். அதற்கு முதல் சூடு 19-இல் ஏற வேண்டும். அதற்கு முன்னால் பத்து நாள் காய வேண்டும். ஆக, நான்கு வாரத் தங்கலில் மண்ணைப் பிசைந்து உருவாக்க உங்களுக்குக் கிடைப்பது முதல் ஒன்பது நாள்தான். இதை முன்பே வந்தவர்கள் சாப்பாட்டு மேசையில் சோகமாகச் சொல்லிக் கேட்பதைவிட, முதல் நாளே தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

சூளை அறையின் மற்ற பழக்கங்கள்: உங்கள் மண் எந்தச் சூட்டுக்கானது என்று தெரியாமல் அடுக்காதீர்கள். குறைந்த சூட்டு மண் 1250 டிகிரியில் உருகி, சூளைத் தட்டையும் பாழாக்கும். கிளேஸ் பூசும்போது அடியில் சில மில்லிமீட்டர் வெற்றாக விடுங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, மீள முடியாத நோயைத் தரும். ஈரத் துணி, ஈர மாப், அவ்வளவுதான். கையை வாளியில் கழுவிவிட்டுப் பிறகு குழாய்க்குப் போங்கள். அச்சு வார்க்கும் பிளாஸ்டரின் துண்டு மண்ணோடு கலக்கவே கூடாது. சுட்ட பிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, பண்டத்தின் மேல் சில்லு பெயர்க்கும். அது யாருடைய பானையில் நடக்கும் என்று சொல்ல முடியாது, பொது மண் தொட்டி அல்லவா.

அச்சுக்கூடமும் இருட்டறையும்

எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடும் முறை) இயந்திரத்தின் விலை உயர்ந்த பாகம் சக்கரமோ உருளையோ இல்லை என்று பேசிக்கொள்வார்கள். எல்லோரும் பயப்படுவது கம்பளிக்குத்தான். உருளைக்கும் தாளுக்கும் நடுவே போகிற தடித்த கம்பளி விரிப்பு. தகட்டின் ஓரத்தைச் சாய்வாக அரத்தால் தேய்க்காமல் விட்டால் அந்தக் கூர்மை முதலில் தாளை வெட்டும், அடுத்துக் கம்பளியை. அதனால் தகட்டின் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு (மெதுவாக) இயந்திரத்தில் ஏற்றுங்கள். மை பட்ட கையால் தாளைத் தொடாமல் இருக்கச் சின்ன அட்டைத் துண்டை மடித்து இடுக்கி மாதிரிப் பயன்படுத்துவார்கள். இரண்டு பேராக வேலை செய்தால் ஒருவர் மைக்கை, ஒருவர் சுத்தக்கை. அழுத்தத்தை மாற்றினால் முன்பிருந்த அளவைக் குறித்துக்கொண்டு, முடித்ததும் அழுத்தத்தைத் தளர்த்திவிட்டுப் போங்கள்.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். புதியவர்கள் இந்த வேலையைப் பொறுப்பாளரிடமே விட்டுவிடலாம். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

புகைப்படம் அச்சிடும் இருட்டறையின் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் தட்டுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். கதவைத் திறந்தால் ஒரு பெட்டி தாளே போய்விடும். டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர் என்று வரிசையாக இருக்கும் ரசாயனத் தட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தனி இடுக்கி. ஃபிக்ஸர் இடுக்கியை டெவலப்பரில் முக்கினால் அந்தத் தட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.

மரம், உலோகம்

இங்கே தயவு தாட்சண்யம் கிடையாது. உங்களுக்கு இருபது வருட அனுபவம் இருந்தாலும் வளாகத்தின் பாதுகாப்பு வகுப்பில் உட்காருங்கள். அந்த இயந்திரத்தின் அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தொளதொளத்த சட்டைக்கை, தொங்கும் சங்கிலி, விரித்த கூந்தல் வேண்டாம். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறையும் வேண்டாம், அது கையையும் சேர்த்து இழுக்கும். கிடைத்த பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்காமல் ரம்பத்தில் கொடுக்காதீர்கள். இரவில் தனியாக யாரும் இயந்திரத்தை ஓட்ட அனுமதி இருக்காது, கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

வெல்டிங் நடக்கும் பக்கம் போகும்போது “கண்ணு!” என்று குரல் வந்தால் திரும்பிக்கொள்ளுங்கள். அந்த ஒளியை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணல் போட்டது போல் வலி தொடங்கும்.

இசை அறை, நடனத் தளம்

நடனத் தளத்தில் வெளியே போட்ட செருப்பு, ஷூ எதுவும் கூடாது. பலகைக்கு அடியில் துள்ளல் கொடுக்கும்படி கட்டிய தரை அது. ஒரு சிறு கல் போதும் கீறலுக்கு. உடம்பில் எண்ணெய், கிரீம் தடவிக்கொண்டு தரையில் உருளாதீர்கள், அடுத்து ஆடுபவர் வழுக்கி விழுவார். ஒட்டிய டேப்பை அன்றே பிரித்துவிடுங்கள்.

பியானோவின் மேல் தம்ளர் வைக்காதீர்கள், அதை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஈரப்பதம் மாறினால் சுருதி விலகும். கம்பிகளுக்கு நடுவே திருகாணி, ரப்பர் செருகி வாசிக்கும் முறையை 1940-களில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் பிரபலமாக்கியதிலிருந்து இளைஞர்களுக்கு அந்த ஆசை உண்டு. பெரும்பாலான வளாகங்களில் அதற்கென்று ஒரு பழைய பியானோவை ஒதுக்கியிருந்தால்தான் அனுமதி. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தவர் கதவு

பொது ஸ்டூடியோ எல்லோருக்கும் பொது, தனி ஸ்டூடியோ அப்படியில்லை. இசையமைப்பாளர் எட்வர்ட் மக்டவலும் பியானோ கலைஞரான அவர் மனைவி மரியனும் 1907-இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய மக்டவல் வளாகத்தில், மதிய உணவைக் கூடையில் வைத்து ஸ்டூடியோ வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அழைப்பில்லாமல் ஒருவர் ஸ்டூடியோவுக்கு இன்னொருவர் போவதில்லை. நியூயார்க் மாநிலத்தில், 1926 முதல் விருந்தினரை ஏற்கும் யாடோ என்ற கலைஞர் வளாகத்தில் காலை 9 முதல் மாலை 4 வரை அமைதி நேரம். உங்கள் வளாகம் இவ்வளவு கறாராக இல்லாமல் இருக்கலாம். திறந்த கதவு என்றால் வரலாம் என்று ஓரிடத்தில் அர்த்தம், இன்னோரிடத்தில் வெறும் புழுக்கம் என்று அர்த்தம். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

உள்ளே அழைத்தால் போங்கள், நிச்சயம் போங்கள். தங்கலின் பாதிப் பலன் அதில்தான். ஆனால் இன்னும் முடிக்காத வேலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்தாலும் எங்கும் போடாதீர்கள். மேசையில் கிடக்கும் கருவியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் கையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையும் மற்றவையும்

தினமும் ஒரே நாற்காலியில் உட்காராதீர்கள். பகலில் யாருடனும் பேசாத வளாகத்தில் இரவுச் சாப்பாட்டில்தான் எல்லாம் நடக்கும்: யார் கார் எடுக்கிறார்கள், யாரிடம் நீளமான ரம்பம் இருக்கிறது, நாளை சூளையில் ஒரு தட்டு காலி என்று. அதே சமயம், பேச மனமில்லாத நாளில் தட்டை எடுத்துக்கொண்டு போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எல்லோருக்கும் அந்த நாள் வரும்.

பொதுச் சமையலறையில் டப்பாவின் மேல் பெயரும் தேதியும். வண்ணம் கழுவிய ஜாடி சமையலறைத் தொட்டிக்கு வரவே கூடாது, சமையலறைக் கரண்டி ஸ்டூடியோவுக்குப் போகவும் கூடாது. காட்மியம் போன்ற நச்சுப் பொருள் கலந்த வண்ணங்கள் இன்னமும் புழக்கத்தில் உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்தில் மண் படிந்த ஏப்ரனைப் போடுவதற்கு முன் வெளியே உதறி, வாளியில் அலசுங்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். இணையம் நன்றாக வரும் ஒரு மூலை எங்கும் இருக்கும். அங்கே சத்தமாக வீடியோ அழைப்பில் பேசுபவரும் எங்கும் இருப்பார். அது நீங்களாக இருக்க வேண்டாம்.

கிளம்பும் வாரம்

பார்வையாளர்கள் வந்து வேலைகளைப் பார்க்கும் திறந்த ஸ்டூடியோ நாள் இருந்தால் அது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் வரும், மூட்டை கட்டும் வேலையோடு மோதும். அதனால் அதற்கு முந்தைய வாரமே பொது ஸ்டூடியோ வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை. நடந்து போகிறவர் நின்று பார்க்கும்படி மூன்று நான்கு வேலைகள் போதும்.

மீதிப் பொருளை அப்படியே விட்டுப்போகலாமா என்று கேட்காமல் விடாதீர்கள். பெயர் தெரியாத திரவம் நிறைந்த ஜாடி ஒன்றை யாராலும் தொட முடியாது. வைத்துக்கொள்ளச் சொன்னால் மேலே என்ன, எந்தத் தேதி என்று எழுதுங்கள். அச்சுக்கூட இழுப்பறை, மண் அலமாரி, காயப் போடும் தட்டு, குளிர்பெட்டி, இருட்டறை அலமாரி என்று உங்கள் பொருள் கிடக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். சூளையிலிருந்து பிந்தி வரப்போகும் பண்டம் ஏதாவது இருந்தால், அடியில் பெயரும் முகவரிச் சீட்டும் சேர்த்து, அனுப்பும் செலவை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் அது “யாருடையது?” என்ற சீட்டோடு அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒரு வருடம் உட்கார்ந்திருக்கும், அப்புறம் யாரோ அதில் பேனா போட்டு வைத்துக்கொள்வார்கள்.